ஒரு கைப்பிடி உப்பு

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தடய அறிவியல் ஆய்வகத்தின் விஷப் பிரிவில் எனக்கு வேலை. போஸ்ட்மார்ட்டத்தில் எடுத்த இரைப்பை, ஈரல் துண்டுகள் ஜாடிகளில் வரும். அரக்கு முத்திரையைச் சரிபார்த்து, எண் போட்டு, திறப்பேன். சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்காது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்ற வருத்தமும் சீக்கிரமே போய்விட்டது.

ஒருநாள் ஒரு ஜாடியைத் திறந்ததும் கண் எரிந்தது. ஃபார்மலின்! விஷம் தேட வேண்டிய உறுப்புகளை உப்பு கரைத்த தண்ணீரில்தான் போட்டு அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் ஊறினால் பல விஷங்கள் தடம் தெரியாமல் போய்விடும். அறுத்த இடத்தில் யாரோ கைக்கு எட்டிய பாட்டிலைக் கவிழ்த்திருக்கிறார்கள். இறந்த பெண்ணின் புருஷன் வீட்டார் உடலை எரித்தும் விட்டார்கள். தெரிந்த சோதனையெல்லாம் செய்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

இறந்தவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வயிற்றுவலியில் போய்விட்டாள் என்றார்கள் மாமியார் வீட்டில். பெற்றவள் நம்பவில்லை. வைத்திக்குப்பத்தில் மீன் விற்பவள் அவள். வாரம் தவறாமல் காலிக் கூடையோடு எங்கள் கேட்டில் வந்து நிற்பாள். முடிவைப் போலீசுக்குத்தான் சொல்வோம் என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்புவார்.

அறிக்கை போன சில நாளில் என்னையே மறித்துவிட்டாள்.

“இன்னா சார், விசமே இல்லியாமே? ஸ்டேஷன்ல கேஸ முடிச்சிட்டாங்க.”

வெளியாளிடம் பேசக்கூடாது. பேசினேன். “இல்லைன்னு எழுதலம்மா. கண்டுபிடிக்க முடியலன்னுதான் எழுதினேன். உப்புத் தண்ணில போடாம வேற மருந்துல போட்டு அனுப்பிட்டாங்க.”

“உப்பா?”

“ஆமாம்மா.”

அவள் அழவில்லை. கூடையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

“விக்காத மீனக்கூட உப்பு போட்டு எடுத்து வெப்பேன் சார். எம் பொண்ணுக்கு ஒரு கைப்பிடி உப்பு போட ஆளில்லாம போச்சா?”

அதன்பிறகு அவள் வரவே இல்லை. அவள் அப்படிக் கேட்ட நிமிஷம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரக்கமில்லை, கோபமில்லை. உள்ளே போய் டிபன் பாக்ஸைத் திறந்தேன். வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள். ருசித்துச் சாப்பிட்டேன், மிச்சமில்லாமல். அந்தச் சாப்பாட்டை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.