இருபது மீட்டர் ஆழத்தில் என் மச்சினன்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று துறைமுகத்தில் சொந்தப் படகு, சொந்தக் கம்பிரஸர். கப்பல்காரர்கள் என் வாசலில் வந்து காத்து நிற்கிறார்கள். ஆனால் தண்ணீருக்குள் இறங்குவது என் மச்சினன். அறுந்து விழுந்த நங்கூரத்தைத் தேடி எடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டரை நிமிடம் மூச்சடக்குவான். அதனால் 'மூச்சு' என்றே பெயராகிவிட்டது. அந்தத் திமிர்தான் எனக்குப் பயம்.

படகில் ஓடும் கம்பிரஸரிலிருந்து ஹோஸ் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு ஆழத்தில் இருப்பவன், மூச்சடக்கியபடி மேலே வரக் கூடாது. காற்றடைத்த பை மதிய வெயிலில் புடைக்கும். அது சூடு செய்கிற வேலை. தண்ணீரின் பாரம் அதைவிடப் பொல்லாதது. இருபது மீட்டரில் காற்றை மூன்றில் ஒரு பங்காக அமுக்கி வைத்திருக்கும். மேலே வர வரப் பாரம் குறையும், காற்று விரியும். ஒருமுறை அவனிடம், கீழே ஒரு பாலித்தீன் பையில் பாதிக்குக் காற்றடைத்துக் கட்டிக் கொண்டுவரச் சொன்னேன். மேலே வந்து சேர்வதற்குள் அவன் கையிலேயே வெடித்தது.

"உன் நெஞ்சும் இந்தப் பைதான்டா" என்றாள், அவன் இடுப்பில் கட்டிய கயிற்றைப் படகில் பிடித்திருக்கும் என் மனைவி. அவனுக்குக் கூடப்பிறந்த அக்கா.

"என் நெஞ்சு ரப்பர்க்கா!"

பிறகு ஒரு நாள், அவன் இறங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கம்பிரஸரின் பெல்ட் படாரென்று அறுந்தது. போன வாரமே அதில் விரிசலைப் பார்த்தவன் நான். இன்னும் ஒரு வேலைக்குத் தாங்கும் என்று விட்டிருந்தேன்.

கயிற்றை நான்கு முறை சுண்டினேன். காற்று நின்றுவிட்டது, மேலே வா என்று அர்த்தம்.

"ஏங்க, நான் இழுத்துடறேன்."

"இழுக்காத! மூச்சைப் புடிச்சிருந்தான்னா நெஞ்சு கிழிஞ்சிரும்."

"புடிச்சிருக்கானா விட்டானான்னு எப்படிங்க தெரியும்?"

"குமிழி வருதா பாரு."

தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு குமிழிகூட இல்லை. "விடுடா... விட்டுத் தொலைடா" என்று அவள் தண்ணீரிடம் கெஞ்சினாள்.

படகின் ஓரத்தில் ஒரு குமிழி வெடித்தது. பிறகு நாலைந்து. அப்புறம் கொத்துக் கொத்தாக, உலை கொதிப்பதுபோல் வந்தன. நடுவில் அவன் தலை.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தான். அக்கா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ரப்பர் நெஞ்சாடா உனக்கு?"

"அடக்கத்தான்க்கா போனேன். அந்தப் பை ஞாபகம் வந்துச்சு. ஊதிக்கிட்டே வந்தேன். ஊத ஊதத் தீரவே இல்ல!" என்றவன் என் பக்கம் திரும்பினான். "பெல்ட் எப்படி மாமா அறுந்துச்சு?"

விரிசலைச் சொன்னேன்.

அவன் முகத்துத் தண்ணீரை வழித்தெறிந்தான். "மூணு பெல்ட் வாங்கி வைங்க மாமா. ஒண்ணு ஓட, ஒண்ணு மாத்த. மூணாவது, அடுத்த தடவை உங்களைக் கட்டி இறக்க."

மூன்றும் அன்று மாலையே வாங்கினேன்.