அம்மா மட்டும் கேட்ட சொல்

பேசாலையிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெண் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். வெயிலில் கறுத்த, மெலிந்த முகம். வீட்டுப் பூட்டின் திறப்பை உள்ளங்கையில் வைத்து இறுக்குவதும் விடுவதுமாக வந்தாள். உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

"கோட்டுக்கோ, வழக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. 'இது உனக்குத்தான், கட்டு' எண்டு அண்ணன் தன்ர காணியைக் காட்டினவர். கட்டினன். இப்ப பிள்ளையளோட வீட்டை விட்டு எழும்பட்டாம்."

"எழுதி வாங்கேல்லையோ?"

"கூடப்பிறந்தவரிட்ட எப்பிடி அக்கா எழுத்துக் கேக்கிறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காணி வாய்ச்சொல்லால் கைமாறாது என்று அவளுடைய சட்டத்தரணியும் சொல்லியிருந்தார். ஆனால் அண்ணன் சொல்லை நம்பித்தான் கட்டினாள் என்று காட்டினால், கட்டிய செலவைக் கொடுக்காமல் அவளை எழுப்ப முடியாதாம்.

"அவர் சொன்னதை ஆர் கேட்டது?"

"அம்மா மட்டுந்தான். அவ இப்ப அண்ணனோட."

"பிறகென்ன, வந்து சொல்லட்டும்."

"அதுதான் பயம். அண்ணனுக்காக, வேதப்புத்தகத்தில கையை வச்சு அம்மா பொய் சொல்லிப்போடுவாவோ எண்டு. அதுக்கு வீடே போகட்டும்."

"விசர்க் கதை! பிள்ளையளோட எங்க போய் இருப்பீங்கள்? இறங்குங்கோ!" என்று அதட்டினேன். பஸ் கோட்டடியில் நின்றிருந்தது.

"அம்மா வந்திட்டா," என்று யன்னலால் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

வாசலில் தாய் தலைகுனிந்து நின்றார். மகன் அவருடைய வலக்கையைப் பிடித்திருந்தான், விழாமல் தாங்குகிறவன் போல.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவன் பிடித்திருந்த அந்தக் கையைத்தான் தாய் வேதப்புத்தகத்தில் வைத்திருக்க வேண்டும்.