என் கொட்டகைக்கு இரண்டு பேர் தேவை

ரப்பரில் வாஷர் வெட்டுவது சுலபம். அதை வெட்ட ஓர் ஆளை வேலைக்கு வைப்பதுதான் உயிரை வாங்கும் என்று சொன்னால், என்னைப் போலச் சின்னதாகக் கம்பெனி வைத்து மாட்டிக்கொண்ட நீங்கள் எல்லாரும் தலையாட்டுவீர்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் என் தகரக் கொட்டகை. முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிறவள் எல்லாம் நானே. அப்போதுதான் ஒரு பெரிய கம்பெனி ஆர்டர் தருவதாகச் சொன்னது. "முறையா ஆள் வெச்சிருக்கணும் மேடம். எங்க ஆடிட்டர் வந்து பார்ப்பார். சரியில்லேன்னா ஆர்டர் கிடையாது" என்றார்கள். அதை நம்பி இரண்டாவது மிஷினை வாங்கிப் போட்டுவிட்டேன். ஆர்டர் வராவிட்டால் அதன்மேல் துணிதான் காயப்போட வேண்டும்.

பேட்டி கொடுத்தேன்

முதலில் வந்தவன் டேனியல். பெரிய கம்பெனிகளில் கான்ட்ராக்டில் மிஷின் ஓட்டிய பையன். கேட்க வேண்டியதையெல்லாம் ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். ஆனால் கேள்வி கேட்டது அவன்தான். வேலை உத்தரவு எழுத்தில் தருவீர்களா, சம்பளம் பேங்கில் போடுவீர்களா, பி.எஃப். பிடிப்பீர்களா?

"தம்பி, இருபது பேர் இருந்தாத்தான் அது கட்டாயம். நாம மொத்தமே மூணு பேர்" என்று சட்டம் பேசினேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "போன எடத்துலல்லாம் அதத்தான் மொதல்ல கேக்குறாங்க. பி.எஃப். இல்லாத வேலைக்கு எவன்க்கா பொண்ணு குடுப்பான்?"

டெல்லிக்கு மாற்றல்

பி.எஃப். கட்டாயம் இல்லாவிட்டாலும் நாமாக விரும்பிப் பதிந்துகொள்ளலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பதிந்தேன். டேனியலும் வந்துவிட்டான். அடுத்தது வேலை உத்தரவு. அதை எழுதத் தெரியாமல், என் வீட்டுக்காரருக்கு அவருடைய கம்பெனியில் கொடுத்திருந்த உத்தரவை அப்படியே பார்த்து, பெயரை மட்டும் மாற்றி அடித்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

பேக்கிங் வேலைக்குச் சேர வந்த கஸ்தூரி, நேற்றுவரை நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். கையெழுத்துப் போடச் சொன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'இந்தியாவில் உள்ள எந்தக் கிளைக்கும் மாற்றப்படலாம்' என்ற வரியில் விரலை வைத்தவள், கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "இங்க ஒரு ஜன்னலே காணோம், டெல்லில கிளை வெச்சிகினு கீறியாக்கா?"

திங்கட்கிழமை யாருடையது?

தேசிய விடுமுறைகள் போக, பண்டிகைக்கென்று ஐந்து நாள் சம்பளத்தோடு லீவு தர வேண்டும். எந்தெந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன். டேனியல் கிறிஸ்துமஸையும் பெரிய வெள்ளியையும் சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டான். கஸ்தூரி, ஆடி மாசத்தில் பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டுதல் இருக்கிறது, ஆகவே ஆடித் திங்கட்கிழமை எல்லாம் லீவு வேண்டும் என்றாள்.

அங்கே கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதானே, ஞாயிறு எப்படியும் வார லீவுதானே என்று மடக்கினேன். அவள் என்னை மிகுந்த பரிதாபத்தோடு பார்த்தாள். "ஞாயித்துக்கெழம அம்மனுக்கு. வேப்பல சுத்திகினு கோயில வலம் வந்தவளுக்கு ஒடம்பு வலிக்காதா? திங்கக்கெழம எனக்கு."

ஆடிட்டர் வந்தார்

ஒரு காலை, டேனியல் ரப்பர் ஷீட் எடுக்கத் திருவள்ளூர் போயிருந்தான். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பை, வாசலில் ஒரு பெரியவர். "கம்பெனியப் பாக்கணும், உள்ள வர்லாமா?" ஆடிட்டரேதான் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். கேள்விகள் எல்லாம் எதிர்பார்த்தவைதான். எத்தனை பேர்? உத்தரவு கொடுத்தாயிற்றா? பி.எஃப். உண்டா? கையில் அடிபட்டால் யார் பார்ப்பார்கள்? இன்ஷூரன்ஸ் பத்திரத்தை நீட்டினேன். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சைக்கூட எடுத்துக் காட்டினேன். கக்கூஸ் விளக்கைப் போட்டுக் காட்டினேன். மனுஷர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, "டேனியலு தண்ணி கிண்ணி போடுவானா?" என்றார். ஆடிட் இவ்வளவு ஆழமாகப் போகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "டீ மட்டும்தான் சார்" என்றேன். மூலையில் கஸ்தூரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். வந்தவர் யாரென்று அவளுக்கு முன்பே தெரியுமாம். பெரியவர் முகம் மலர்ந்து கைகூப்பினார். "திருப்தி மேடம். எம்பொண்ண தாராளமா குடுக்கலாம்."

இன்னொருவரும் வந்தார்

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வருங்கால மாமனாருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வாஷர் மூட்டைகளைச் சுவரோரமாக நகர்த்தி அடுக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து, லேப்டாப் பையோடு நிஜ ஆடிட்டர் உள்ளே நுழைந்தார். பதிவேட்டைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். பதிவில் இல்லாத ஆள் மூட்டை தூக்குகிறார்! போச்சு, ஆர்டர் போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நீங்க எவ்வளவு நாளா இங்க வேலை செய்றீங்க?" என்று ஆடிட்டர் அவரைப் பிடித்துக்கொண்டார். "வேலையா? கம்பெனி எப்படி கீதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சார்." "நானும் அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார் ஆடிட்டர் விறைப்பாக. பெரியவர் மூட்டையைத் தொப்பென்று கீழே போட்டார். ஆடிட்டருக்கும் அங்கே இல்லாத டேனியலுக்கும் நடுவே சுவர் எழுப்புவதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "டேனியலு எங்களுக்கு முடிஞ்சிட்ச்சு சார், நீங்க உங்க பொண்ணுக்கு வேற எடம் பாருங்க."

ஆடிட்டர் விழுந்து விழுந்து சிரித்து ஆர்டருக்குக் கையெழுத்துப் போட்டார், டேனியலுக்கும் பெண் கிடைத்துவிட்டாள். ஆனால் அந்த வேலை உத்தரவில் கல்யாண லீவைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டதால், மாப்பிள்ளை எப்போது திரும்புவான் என்று தெரியாமல் புது மிஷினில் வாஷர் வெட்டிக்கொண்டிருப்பது முதலாளியாகிய நான்தான்.