இடப்பக்கத்துக் கிளட்ச்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஊரில் இரண்டு பெயர். நேரில் மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் பிரேக். ‘அதோ பிரேக் வர்றாரு’ என்றால் யாரென்று எவரும் கேட்க மாட்டார்கள். இருபத்தாறு வருஷமாக அவர் உட்கார்ந்த இடம் காரின் இடப்பக்க சீட். பழக வருகிறவர் வலப்பக்கம் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுவார். மாஸ்டரின் காலடியில் தனியாக ஒரு கிளட்ச், ஒரு பிரேக். இரண்டும் கம்பியால் வலப்பக்கத்துப் பெடல்களோடு பிணைத்தவை. இவர் இங்கே மிதித்தால் அங்கேயும் இறங்கும். இந்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் ஊரில் பாதி ஆடுமாடும் இரண்டு மூன்று மனிதர்களும் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

பழக்கம் பொல்லாதது. பஸ்ஸில் போனாலும் அவர் கால்கள் தரையை மிதிக்கும். மனைவி காய் நறுக்கும்போது கத்தி கொஞ்சம் வேகமானால் மேசைக்கடியில் அவர் வலது கால் தானாக அழுந்தும். “உங்க பிரேக்க எடுங்க, நான் ஒண்ணும் விரல வெட்டிக்க மாட்டேன்” என்பாள் அவள்.

தொழிலில் சுத்தமான ஆள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அதிலும் கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “கிளட்ச் என்ன தலகாணியா, சாஞ்சு தூங்குறதுக்கு? கியர் மாத்தும்போது மிதி, மாத்துனதும் கால எடு. வெச்சுக்கிட்டே இருந்தா பிளேட்டு கருகி நடுரோட்டுல நிப்ப!” வங்கி மேனேஜர் முதல் பூக்கடைக்காரர் வரை இந்த வசவை வாங்காதவர் இல்லை. வாங்காத ஒரே ஆள் அவர் மகள். முதல் நாளிலிருந்தே அவள் கால் சரியாக வைத்து, சரியாக எடுத்தது. அதை அவளிடம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று நினைத்தார். பெற்றவர்கள் இப்படித்தான், திட்டை மட்டும் உடனுக்குடன் கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பயணத்துக்கு யாரும் நாள் பார்க்கவில்லை. ஒரு காலை ஏழு மணிக்கு மனைவியின் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர். இதயத்தில் அடைப்பு.

“நாலு மணிக்கு ஆபரேஷன் பண்ண உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம்மா. டாக்டர் பாதிக்குப் பாதிங்கறாரு. அதுக்கு முன்னாடி வந்து ஒரு தடவ மூஞ்சியக் காட்டிட்டுப் போ.”

தாயும் தகப்பனும் போனபின் ஆறு வயசுத் தங்கையைத் தூக்கி வளர்த்தவர் அவர். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் கல்யாணம் செய்து கொடுத்ததும் அவர்தான். போனை வைத்தவள் புடவைகூட மாற்றாமல் வாசலில் போய் நின்றாள்.

மாஸ்டருக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள். ஒரு மாதம் வண்டி ஓட்டக் கூடாது. மகள் சாவியை எடுத்தாள். கூரையில் சிவப்பு ‘எல்’ போர்டு வைத்த ஸ்கூல் கார்தான் வீட்டில் இருந்த ஒரே வண்டி. போர்டைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. மனைவி பின்னால், மகள் ஸ்டியரிங்கில், மாஸ்டர் வழக்கம்போல இடப்பக்கம். ஊர் எல்லையைத் தாண்டி மகள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

முக்கால் மணி நேரத்தில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை மாற்றிக்கொண்டு புறப்பட்டால், ஒரு வளைவில் ஆட்டு மந்தை. மகள் நிதானமாகத்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மாஸ்டரின் வலது கால் பிரேக்கில் விழுந்தது. பின்சீட்டில் ஃபிளாஸ்க் கவிழ்ந்து டீ முழுக்க மனைவியின் மடியில்.

“அப்பா, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

“நீ பாத்த. ஆடு பாக்கணுமில்ல?”

மனைவியும் அந்த அவசரத்திலும் சிரித்துவிட்டாள். ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்திப் புடவையை அலசிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னே நின்ற லாரிக்காரர் இறங்கிக் கேட்டைப் பார்த்துவிட்டு வந்து, “ரெண்டு வண்டி போகணுமாம்” என்று சொல்லிச் சீட்டிலேயே படுத்துக்கொண்டார். அரைமணி நேரம் போனது. மனைவி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தாள். சிரிப்பு போய்விட்டது.

கேட் திறந்ததும் மகள் வேகமெடுத்தாள். எதிரே லாரி, பக்கத்தில் பஸ், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. பிரேக்கை மிதித்தால் மகள் கோபிப்பாள். அதனால் வலது காலை இழுத்து வைத்துக்கொண்டார். இடது காலை என்ன செய்தார் என்று அவருக்கே தெரியாது. அது கிளட்ச் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு விரற்கடை அழுத்தம்தான். ஆனால் எண்பது கிலோமீட்டர் தூரம்.

கருகல் வாடை வந்தபோது, “முன்னால போற லாரிதான்” என்றார். லாரி வேறு ரோட்டில் திரும்பிப் போனபின்னும் வாடை போகவில்லை. ஒரு மேட்டில் என்ஜின் கத்தியது, வண்டி நகரவில்லை. அப்போது பன்னிரண்டரை மணி. இன்னும் அறுபது கிலோமீட்டர் பாக்கி. மாஸ்டர் குனிந்து பார்த்தார். தன் கால் எங்கே இருக்கிறது என்று அப்போதுதான் கண்டார். மெதுவாக எடுத்துக் கீழே வைத்துக்கொண்டார்.

மெக்கானிக் ஒருவர் பைக்கில் வந்து அடியில் படுத்து எழுந்தார்.

“கிளட்ச் பிளேட்டு காலி. கால கிளட்ச்லயே வெச்சு ஓட்டியிருக்காங்க.” சொல்லிவிட்டு ‘எல்’ போர்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். “பழகுற புள்ளைங்களா? அப்படித்தான் ஆகும்.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஒரு தடவைதான். மாஸ்டர் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இருபத்தாறு வருஷம் ஊருக்கே பாடம் சொன்ன வாய் அது, அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்கு, “பஸ்ஸு நின்னு நின்னு போகும், ரெண்டு மணிக்குள்ள சரி பண்ணிருவாரு, கார்லயே போயிரலாம்” என்றும் சொன்னார். பக்கத்து ஊரிலிருந்து வந்த பிளேட்டு அளவு சேரவில்லை. மூன்றே கால் மணிக்குத்தான் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது ஐந்து மணி. அண்ணி வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“நாலு மணிக்கே கூட்டிட்டுப் போயிட்டாங்க. தங்கச்சி வந்துட்டாளா, வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டேதான் போனாரு.”

ஏழு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். அவர் நடந்து வந்த விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மனைவி அழவில்லை. எழுந்து மகளின் முன்னால் போய் நின்றாள்.

“உன்ன நம்பி ஏறுனேன் பாரு, என்னச் செருப்பால அடிக்கணும். எங்கண்ணன் உசுரோட இருக்கும்போது அவரு மூஞ்சியப் பாக்க முடியாமப் பண்ணிட்டியேடி.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்திலேயே நின்ற மாஸ்டரும் பேசவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், அவள் துக்கம் ஆறட்டும் என்று நினைத்தார். அப்புறம் என்பது எப்போதும் வசதியான நேரம்தான்.

இரண்டு மாதத்தில் மகள் வெளியூரில் வேலை தேடிக்கொண்டு போனாள். சாவியை மறுபடி தொடவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மட்டும் போன் செய்வாள். “அம்மா நல்லா இருக்காங்களா?” என்று கேட்பாள். அம்மா அடுப்படியிலேயே நிற்பாள், வர மாட்டாள். மாஸ்டர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். மாமன் செத்து ஏழு மாதம் இப்படிப் போனது.

ஒருநாள் வகுப்புக்கு வந்தது ஒரு நர்ஸ். இரவு வேலை முடிந்து நேரே வந்தவள், ஆனாலும் கவனமாகத்தான் ஓட்டினாள். பிரதான சாலைக்கு வந்ததும் என்ஜின் சத்தம் மாறியது. மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார்.

“கிளட்ச் என்ன தலகாணியா?”

“மாஸ்டர், என் கால் கீழதான் இருக்கு. பெடல் தானா இறங்குது.”

அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கத் தேவையிருக்கவில்லை.

“இறங்குறது உனக்குத் தெரியுதா?” என்று கேட்டார்.

“ஏன் தெரியாது? ஓட்டுறவங்களுக்குக் காலடியிலயே தெரியுமே மாஸ்டர்.”

வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். எண்பது கிலோமீட்டர் அந்தப் பெடல் மகளின் காலடியில் தானாக இறங்கியபடியே வந்திருக்கிறது. வழியில் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டு மந்தைக்கு அப்புறம் அப்பாவிடம் இன்னொரு தடவை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லையோ என்னவோ. மெக்கானிக் முன்னால் அவள் ஏன் தன்னைப் பார்த்தாள் என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். தெரியாத மாதிரி ஏழு மாதம் இருந்துவிட்டார். அந்த நர்ஸின் முன்னால் வெட்கமில்லாமல் அழுதார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். காலை எங்கே வைத்திருந்தார், மெக்கானிக் கேட்டபோது ஏன் பேசவில்லை, ஆஸ்பத்திரியில் ஏன் பேசவில்லை, ஒன்றையும் விடாமல் சொன்னார். தன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவள் கேட்டது வேறு.

“அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா நான் பேசுனதெல்லாம் வாங்கிக்கிட்டு நின்னா?”

“ஆமா.”

“பெத்த புள்ளயப் போயி…” கையிலிருந்த துணி நழுவியது. “அந்த வார்த்தைய இனி நான் எங்க போயித் திரும்ப எடுப்பேன்?”

பிறகு போனை எடுத்தாள். நம்பர் மறந்திருக்கவில்லை. இரண்டாவது மணியிலேயே மகள் எடுத்தாள். அம்மாவின் நம்பரிலிருந்து ஏழு மாதத்தில் வந்த முதல் அழைப்பு அது.

“அம்மா? என்னம்மா? அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்றாள் மகள், பதறிப்போய். “அப்பா நல்லாத்தான இருக்காரு? சொல்லும்மா!”

மனைவி போனை மாஸ்டரிடம் நீட்டினாள்.