வெயிலு படணும், கண்ணு படக் கூடாது

செய்தி வந்தபோது ஈஸ்வரன் கோயில் மண்டபத்தில் இருந்தவர்கள் குருக்கள், பூ கட்டும் செல்வி, ஆடு மேய்க்கும் கோவிந்தன், நான். செங்கல்பட்டிலிருந்து கஸ்தூரி அக்காவின் மகள் போனில் பேசினாள். "அம்மா பூட்டாங்க சித்தி." அழுகைக்கு முன்னால் எனக்கு அந்த இரண்டு வில்வக் கன்றுகளின் நினைவுதான் வந்தது. ஈஸ்வரன் மன்னிக்கட்டும்.

கடப்பாக்கத்தில் அக்காவின் இட்லிக் கடையில் சாப்பிடாதவர்கள் நம் விளக்குப் பூஜைக் குழுவில் இல்லை. ஆனால் அவர் கன்று வளர்த்த கதை பலருக்குத் தெரியாது. புயலில் பழைய வில்வம் சாய்ந்த பிறகு சன்னதிக்கு எதிரே புதுக்கன்று வைத்தோம். பிரதோஷத்துக்கு ஆளுக்கு இரண்டு இலை பறித்தே அதை மொட்டையாக்கினோம். குச்சியாய் நின்ற கன்றைப் பிடித்துக்கொண்டு அக்கா, "ஆடு கூட கொஞ்சம் வுட்டு வெச்சிருக்கும்டி" என்றார்.

அதன் பிறகு பால் கவரில் ஐந்து கன்றுகள் போட்டு, கோயிலுக்குப் பின்னாலிருக்கும் காட்டுக்குள் கொண்டுபோனார். அங்கே பெரிய மரங்களின் வேர் தண்ணீரைக் குடித்துவிடும். நிழலில் கன்று வெளுத்துப் போகும். கிளையைக் கழித்தால் வெளியே தெரிந்துவிடும். உச்சி வெயில் உள்ளே இறங்கும் அளவுக்கு ஒரு சின்னக் கிளையை மட்டும் ஒடித்துவிட்டுச் சொன்னார்: "வெயிலு படணும், கண்ணு படக் கூடாது."

கடலோரக் கிணறு கோடையில் உப்பேறும். குடத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஊற்ற விடமாட்டார். "உனுக்குக் கரிச்சா அதுக்கும் கரிக்கும்."

ஐந்தில் இரண்டு பட்டுப்போயின. மிச்சம் மூன்றுக்குத் தண்ணீர் ஊற்ற அக்காவும் நானும் ஒரே வழியில் போய்வந்ததில் தடம் விழுந்துவிட்டது. அந்தத் தடத்திலேயே ஆடுகள் வந்து ஒன்றைக் கடித்துவிட்டன.

"இன்னா கஸ்தூரி, காட்டுல புதையலா?" என்றார் கோவிந்தன்.

"ஆமா அண்ணாத்த, உன் ஆட்டுக்கு நாங்களே ரோடு போட்டுக் குடுத்துட்டோம்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மிச்சமிருந்த இரண்டையும் வேறெங்கோ தனியாகப் போய் வைத்தார். எங்கே என்று கேட்டேன். "வாயில வந்தா ஆட்டு வாயில பூடும்."

மகள் வீட்டிலிருந்து கடைசியாகப் பேசியபோது, "அந்த ரெண்டுக்கும் தண்ணி ஊத்துடி" என்றார்.

"எங்க கீதுக்கா?"

"போன்ல வேணாம். வந்து காட்றேன்."

வரவில்லை. என் கணக்கில் இரண்டு கன்றுகள் நிற்கின்றன; கண்ணுக்குத் தெரியவில்லை. முள்ளுக்குள் புகுந்து தேடினேன். நான் நடந்த இடமெல்லாம் தடம் விழுகிறதே என்ற பயத்தில் பாதியில் திரும்பிவிட்டேன். குழுவில் இப்படி எழுதுவதும் அவருக்குப் பிடிக்காது. வேறு வழி தெரியவில்லை.

அவருடைய நசுங்கிய குடம் என்னிடம் இருக்கிறது. தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கமும் என்னோடு இருக்கும்.

அக்கா குடத்தோடு எந்தப் பக்கமாகக் காட்டுக்குள் போனார் என்று பார்த்தவர்கள் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். இலைக்காக யாரும் போக வேண்டாம். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.