நோலீன் வைத்த குறுக்குக் கம்பி

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற நோலீனுக்குப் பொறுமை என்பதே கிடையாது. ஆனால் கோழிகள் அடைந்து கிடந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க மட்டும் மூன்று வருடம் மல்லுக்கட்டினார்.

கூரையில்லாத காருக்குக் கதவடியில் ஓடும் இரும்புச் சட்டம்தான் முதுகெலும்பு. அது துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தது. கதவு வாசலின் குறுக்கே கம்பியைப் பற்றவைக்காமல் அந்தச் சட்டத்தை வெட்டியெடுத்தால், வண்டி நடுவில் தொய்ந்துவிடும்; பிறகு கதவு மூடாது.

"கம்பியெல்லாம் எதுக்கு? என் காருல நான் சும்மாவே வெட்டினேன்," என்றார் பக்கத்து வீட்டு ரஸ். ஆஸ்திரேலியாவின் டூவூம்பா ஊரில் எங்கள் பழைய கார் சங்கத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"வாயை மூடிக்கிட்டு டார்ச்சைப் பிடி, ரஸ்," என்றார் நோலீன்.

கம்பி வைத்தே வெட்டினார். புதுச் சட்டம் ஏறியது. கம்பியை அறுத்தெடுத்து, உதவிக்கு வந்திருந்த நானும் ரஸ்ஸும் கதவை மாட்டினோம். மூடாவிட்டால் மூன்று வருடமும் பாழ். நோலீன் ஒற்றை விரலால் தள்ளினார்.

டக். மூடிக்கொண்டது.

ரஸ் அந்தக் கதவை நான்கு தடவை திறந்து மூடினார். பிறகு தன் கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் கார் எப்போதும் போர்வைக்குள்தான் இருக்கும்.

"அந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுடாத, நோலீன். என் கதவு பதினாலு வருஷமா மூடல."