ஓடைப் பக்கத்து மஞ்சள்

குன்னூரில் நான் படம் வரையும் அறைக்கு இன்று காலை மரச் சட்டங்கள் வந்து இறங்கின. அவற்றைச் சுற்றியிருந்த நனைந்த சணல் சாக்கின் வாசனை மூக்கில் ஏறியதும், சிறுவயதில் சேரம்பாடித் தேயிலைத் தோட்டத்தில் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் அம்மாவின் பின்னால் போய் நின்றுவிட்டேன். மூடுபனி இறங்கினால் அடுத்த செடி நிரையில் நிற்பவள்கூடத் தெரியமாட்டாள். யானை நடமாடும் மலை என்பதால் பெண்கள் ஒருத்தி விட்ட அடியை அடுத்தவள் எடுத்துப் பாடிக்கொண்டே பறிப்பார்கள், பாட்டு எங்காவது அறுந்தால் எல்லாக் கைகளும் நின்றுவிடும். மேட்டிலிருந்தும் சரிவிலிருந்தும் வந்த அந்தக் குரல்களால்தான் எனக்கு மலையின் உருவமே தெரியும். ஓடைப் பக்கத்துக் கடைசி நிரை செல்லம்மாக்காவுடையது. அவள் குரல் கரகரவென்று, சுருதி விலகி, தாமதமாக வரும். வந்ததும் அம்மா மூச்சை விட்டு, "இருக்கா, புள்ள" என்பாள்.

இப்போது அங்கே நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் இல்லை, தேயிலையைக் காடு மூடிவிட்டது. அந்தப் பாட்டை முணுமுணுத்தபடி நான் பல நாளாக வரைந்துவரும் படத்தில் ஆளே கிடையாது, வெள்ளையும் சாம்பலும்தான். ஓடை இருக்க வேண்டிய மூலையில் மட்டும் கை தானாகப் போய்க் கொஞ்சம் மங்கிய மஞ்சளைத் தீற்றியிருந்தது.

மத்தியானம் டீ கொண்டுவந்த அம்மா படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். சேரம்பாடியைவிட்டு வந்தபின் அவள் பாடி நான் கேட்டதில்லை. மெல்ல ஓர் அடியைப் பாடினாள், நிறுத்தினாள், மஞ்சள் பக்கமாகக் காதைச் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு மூச்சை விட்டாள்.

"இருக்கா, புள்ள."